வராத எதிரியின் முகம்

டக் என்று ஒன்று. சற்று நின்று, மெல்லிய தகட்டை யாரோ இழுத்துக் கிழிப்பதுபோல சர்ர் என்று இன்னொன்று. அறைக்குள் கட்டிலோரம் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஜெனோவாவுக்குப் பிடரி சிலிர்த்தது. இருட்டி வெகுநேரம் ஆகவில்லை, கோயிலில் மாலைப் பூசை முடிந்து சனங்கள் பேசிக்கொண்டு போவதுகூட ஜன்னல் வழியே கேட்கிறது, பயப்படுகிற பொழுதே இல்லை. எலியாக இருக்கும். எலி இப்படித் தகடு கிழிக்காது. பக்கத்து வீட்டில் டப்பா மீன் திறக்கிறார்களோ. தூத்துக்குடியில், அதுவும் கடற்கரைத் தெருவில் குடியிருந்துகொண்டு எவள் டப்பாவில் மீன் வாங்குவாள். அவளுக்கே சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. சத்தம் அடுப்படியில்தான். மாமியும் செல்மா மதினியும் அங்கேதான் இருக்கிறார்கள், இருவரும் ஒன்றாக இருந்தால் பேச்சு தெருமுனை வரை கேட்கும், இன்றைக்குக் குசுகுசுவென்று ஏதோ ஓடுகிறது. பிறகு மாவுக்குள் கரண்டி இறங்குகிற நறநறப்பு. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். புட்டியைக் குலுக்குகிற சத்தம். அப்போதுதான் புரிந்தது. பால்பவுடர் டப்பா. மூடியை நெம்பியது டக், உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கிழித்தது சர்ர். மதினி சாயங்காலம் வரும்போது பையை முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாளே, அது இதுதான். ஜெனோவா பிள்ளையின் பின்மண்டையில் கையை வைத்தாள். மூன்று மாதத் தலை, இன்னும் உச்சி துடிக்கிறது. இழு, இன்னும் கொஞ்சம் இழு, வயிறு நிறையக் குடித்துவிடு, வயிறு நிறைந்த பிள்ளைக்கு எவள் புட்டியை நீட்டினாலும் வாய் திறக்காது. இந்த ஒரு ராத்திரி போதும். டெரன்ஸ் கூப்பிடும் வரைக்கும் போதும். கப்பல் கொழும்பு பக்கம் வரும்போது பேசுகிற அளவுக்கு சிக்னல் கிடைக்கும், கூப்பிடுவேன் என்று செய்தி போட்டிருக்கிறான். மத்தியானம் வந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியாகிவிட்டது, அவன் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகளும் விழுந்துவிட்டன. அவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எம்மா, அவ பால் குடுக்கட்டும். அவ்வளவுதான். மகன் வாயிலிருந்து வந்தால் மாமி கேட்பாள், வேறு யார் வாயிலிருந்து வந்தாலும் கேட்கமாட்டாள், ஆண்டவரே இறங்கி வந்து சொன்னாலும் நீரு பிள்ள பெத்தீரா ஓய் என்று கேட்பாள்.

ரிப்போர்ட்டில் தெளிவாகத்தான் இருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும், இரண்டு பேருடைய ரத்தத்திலும் வைரஸ் கண்டறியப்படவில்லை. சென்னைக்கு அனுப்பி, கல்லூரி நாளில் அவளுக்குச் சோதனைத் தடுப்பூசி போட்ட அந்தப் பழைய ஆராய்ச்சி நிலையத்தில் யார் யாரையோ பிடித்து, அங்கே இருந்தவர்களெல்லாம் மாறிப்போய், கடைசியில் ஒரு நல்ல மனசுக்காரர் எடுத்துச் செய்து கொடுத்த சோதனை. மாமிக்கு வாசித்துக் காட்டினாள். மாமி காதில் வாங்கிக்கொண்டே வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மதினிதான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கண்டறியப்படலைன்னா இல்லைன்னா அர்த்தம்? கள்ளன் அகப்படலைன்னா களவு போகலைன்னா அர்த்தம்? அப்போ பிரசவத்தப்ப எடுத்த டெஸ்ட்ல ரெண்டு கோடு விழுந்திச்சே, அது என்ன, எறும்பு போன தடமா?" என்றாள். ஜெனோவா சொல்லித்தான் இருக்கிறாள், தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கோடு கிருமியைப் பார்ப்பதில்லை மதினி, கிருமியைப் பார்த்தால் உடம்பு செய்து வைக்கிற ஆன்டிபாடியைப் பார்க்கிறது. எனக்குக் கிருமி வரவில்லை, ஊசியில் வந்தது கிருமியே இல்லை, அதன் மேல்சட்டையில் ஒரு துண்டு, அதுவும் ஆய்வுக்கூடத்தில் செய்த துண்டு. உடம்பு அதை நம்பிவிட்டது. நம்பி, ஆயிரமாயிரமாய் ஆன்டிபாடி செய்து, ரத்தம் முழுக்கக் காவல் போட்டுவிட்டது. வராத ஒருவனுக்காக. மைதிலி மேடம், அந்த நிலையத்து ஆலோசகர், மேசையில் பேனாவால் தட்டித் தட்டி இப்படித்தான் சொன்னார்கள், போலீஸ் ஸ்டேஷன்ல கள்ளன் படம் ஒட்டியிருக்கும்ல, அந்த மாதிரி உங்க உடம்புல படத்தை மட்டும் ஒட்டுறோம், கள்ளனைக் கூட்டிட்டு வரலை. எவ்வளவு லேசாக இருந்தது அன்றைக்குக் கேட்க. குளிரூட்டிய அறை, வெள்ளைத் திரை, கையில் வாசித்துப் பார்க்கத் தந்த தாளில் ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி என்று ஒரு தமிழ்ச்சொல், கான்வென்டில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் படித்தவளுக்கு அந்தச் சொல் தொண்டையில் கற்கண்டு மாதிரி உருண்டது. பின்னாளில் சில சோதனைகளில் உங்களுக்கு நோய் இருப்பதுபோலக் காட்டலாம், அப்போது எங்களைக் கூப்பிடுங்கள் என்றும் அதே தாளில் இருந்தது. இருந்தது. பின்னாள் என்பது யாருக்கோ வருவது என்று தோன்றுகிற வயது. இருபது.

ஏன் போட்டுக்கொண்டாய். இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அவளிடம் இருக்கிற பதில் பதிலாக நிற்கவில்லை. நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வந்து பேசினார்கள், ஊசியைப் போட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் வேண்டும் என்றார்கள், பக்கத்தில் இருந்தவள் கையைத் தூக்கினாள், இவளும் தூக்கினாள். தூக்கினவர்களையெல்லாம் எடுக்கவில்லை, அதைச் சொன்னால்தான் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், திரும்ப எடுத்தார்கள், அந்த நோய் வர வழியே இல்லாத பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். தீட்டுப்படாதவள் என்று தேர்ந்தெடுத்தார்கள் மாமி, அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மாமிக்கு அது ஏறவே இல்லை. "தேள் கொட்டினவந்தான தேள்கடி மருந்து தேடுவான்? கல்யாணமாகாத கொமருக்கு அந்தச் சீக்குக்கு ஊசி என்னத்துக்கு?" என்றாள், கோபமாகக்கூட இல்லை, அரிசியில் கல் கிடப்பதைக் காட்டுவதுபோல அமைதியாக. அந்த அமைதிதான் பயம். அம்மை ஊசி அம்மை வந்த பிறகா போடுகிறோம் என்று ஜெனோவா கேட்டாள், அது வேற இது வேற என்று முடிந்துவிட்டது. அது வேற இது வேற. யாராவது போகவேண்டும் இல்லையா என்று அன்றைக்கு நினைத்தாள். யாராவது கையை நீட்டினால்தானே மருந்து வரும். சிஸ்டர் ரொசாரியா அறநெறி வகுப்பில் சொல்வார்கள், நன்மை செய்கிற வாய்ப்பு கதவைத் தட்டும்போது யாரென்று கேட்காதே. சிஸ்டர், கேட்டிருக்கவேண்டும். அந்த மருந்தும் வரவில்லை. ஆய்வு முடிந்தபோது மைதிலி மேடம் எல்லோரையும் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொன்னார்கள், ஆன்டிபாடி நிறைய வந்திருக்கிறது, ஆனால் சோதனைக் குழாயில் நிஜமான வைரஸை அதனால் தடுக்க முடியவில்லை. அந்த வைரஸ் மேலே சர்க்கரையைப் பூசிக்கொண்டு நாளுக்கொரு வேஷம் போடுகிறது, நாம் காட்டிய படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடுகிறது. அடுத்தடுத்து வேற மாதிரி முயற்சி பண்ணுவாங்க, நீங்க குடுத்த ரத்தம் வீண்போகாது. டீயில் சர்க்கரை அதிகம். வீண்போகாது என்று சொல்லும்போது மேடம் அவர்கள் முகங்களைப் பார்க்காமல் சமோசாத் தட்டைப் பார்த்தார்கள். அப்போது புரியவில்லை. ஆக எதற்கும் உதவாத காவல் ஒன்று உடம்புக்குள் நிற்கிறது, கள்ளனைப் பிடிக்கத் தெரியாது, கள்ளனைத் தெரியும் என்று மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லத் தெரியும்.

பிள்ளை இழுப்பதை நிறுத்திவிட்டு மூக்கால் முனகிற்று. தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். கர்ப்பமாக இருக்கும்போது ஒழுங்காகத்தான் செய்தாள், டாக்டரம்மாவிடம் தனியாகச் சொல்லி, அந்தக் கோட்டுச் சோதனைக்குப் பதிலாக வைரஸைத் தேடுகிற சோதனை எடுத்து, இல்லை என்று வந்து, இருவர் மட்டும் தெரிந்துகொண்டு முடித்தார்கள். மாமியிடம் சொல்லவில்லை, டெரன்ஸிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால். சொல்லியிருந்தால் எதை எப்படிச் சொல்லியிருப்பாள், பெண் பார்க்க வந்த அன்றைக்கு மக்ரூன் தட்டை நீட்டிக்கொண்டேயா. பனிக்குடம் முன்னாலேயே உடைந்து, அந்த டாக்டரம்மா ஊரில் இல்லாமல், கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது யாரும் அவளைக் கேட்கவில்லை, விரலில் குத்தினார்கள், ஒரு அட்டையில் விட்டார்கள், அவள் நெட்டித்தள்ளும் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அட்டையில் கோடு. அங்கே இருந்த நர்ஸ் மாமிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மகள். பிள்ளை பிறந்த செய்தியும் இந்தச் செய்தியும் தெருவுக்கு ஒரே நேரத்தில் வந்தன. பிறகு பிள்ளைக்கு எடுத்தார்கள், பிள்ளைக்கும் கோடு. பின்னே விழாதா, தொப்புள்கொடி வழியாகத் தாய் தன் ஆன்டிபாடியைப் பிள்ளைக்குக் கொடுத்துத்தான் அனுப்புவாள், எல்லாத் தாயும் கொடுப்பாள், பாலிலும் கொடுப்பாள், அது இரவல் சாமான், வருஷம் ஒன்று ஒன்றரையில் தானாகத் தீர்ந்துபோகும். நர்ஸும் இதையேதான் மாமியிடம் சொன்னாள், ஆனால் நோய் இருக்கிற தாய்க்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். பிள்ளைக்கு இப்ப இருக்கது தாயோடது பெரியம்மா, போனாலும் போயிரும், ஆனா பால் வழியா நெசமாவே ஏறிரலாம். வேறொருத்திக்கு அது உண்மை. அந்த உண்மையை மாமி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். தன் பேரப்பிள்ளை தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் மருமகள் குறுக்கே உட்கார்ந்து மாரைத் திறந்துகொண்டிருக்கிறாள். மாமி பொல்லாதவள் இல்லை. அதுதான் கஷ்டம். பொல்லாதவளாக இருந்தால் சண்டை போடலாம். ராத்திரி பிள்ளை அழுதால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அந்தக் கிழவி செபமாலை உருட்டுவது கேட்கிறது. ஜெனோவாவின் தட்டும் தம்ளரும் தனியாக ஜன்னலில் இருக்கின்றன. அவள் குளித்துவிட்டு வந்தால் பின்னாலேயே பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறது. பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கமாட்டாள் மாமி. கட்டில்ல கெடத்து, நான் எடுத்துக்கிடுதேன் என்பாள். கிடத்தினால், இவள் விலகிய பிறகு எடுப்பாள். அம்மா வீட்டுக்குப் போகலாமா. அப்பா போனில் சொன்னார், வராத என்று சொல்லவில்லை, தம்பிக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம் தாயி என்று மட்டும் சொன்னார், பிறகு உப்பளத்தில் மழை பெய்ததைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

ஒருவேளை ரிப்போர்ட் பொய்யோ. அடிக்கடி இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறது மனசு, ஆணியில் சேலை மாட்டிக்கொள்வதுபோல, எடுத்துவிட்டு நடந்தால் திரும்ப அதே ஆணி. உடம்பில் ஏற்கெனவே படம் ஒட்டியிருக்கிறதே, நிஜமான கள்ளன் வந்து அந்தப் படத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டால் யாருக்குத் தெரியும். எப்படி வருவான். டெரன்ஸ் போகிற துறைமுகங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன, சாந்தோஸ், டர்பன், மணிலா, வந்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது, மேற்கொண்டு ஒரு பெயரும் நினைக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். இதோ, தன்னை அவர்கள் சந்தேகிக்கிற அதே மாதிரிதான் தானும். சந்தேகம்தான் ஒட்டுகிறது, தொட்டால் ஒட்டுகிறது, ஒரே தம்ளரில் குடித்தால் ஒட்டுகிறது, அதற்கு எந்தப் பவுடரும் இல்லை. இல்லை, ரிப்போர்ட் சரி. தாய்க்கும் இல்லை பிள்ளைக்கும் இல்லை. டெரன்ஸ் படித்தவன், மெரைன் எஞ்சினியர், மெஷின் பேச்சு தெரிந்தவன், மானியில் முள் காட்டுவது ஒன்று உள்ளே இருப்பது ஒன்று என்று அவனுக்குச் சொல்லவா வேண்டும். கோபப்பட்டான், உண்மை, முதல் மாதம் பேசவே இல்லை, பிறகு சம்பளம் போட்டாச்சு என்று ஒரு வரி, பிறகு பிள்ள படம் அனுப்பு என்று ஒரு வரி. படம் கேட்டானே. படம் கேட்கிறவன் கைவிடமாட்டான். பால் கட்டியிருந்த மற்ற பக்கம் கனத்துக் கல்லாக வலித்தது. அடுப்படியில் பேச்சு நின்றிருந்தது. வாசல்படியில் நிழல். மாமி. கையில் புட்டி இல்லை, ஜெனோவா முதலில் அதைத்தான் பார்த்தாள். அதே நேரம் தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது.

டெரன்ஸ். எடுத்தாள், அரைச் சொல் கேட்டது, கீறல் விழுந்தது, அறுந்தது. இந்த வீட்டுச் சுவர் பழைய காலத்துக் கல்சுவர், உள்ளே எந்தப் போனும் நிற்காது, வாசலைத் தாண்டித் தெருப்படிக்குப் போனால்தான் பேச முடியும். திரும்ப அதிர்ந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவளிடம் மாமி சொன்னாள், "பனி விழுதுளா. பிள்ளைக்கு ஆவாது. எங்கிட்ட குடுத்துட்டு நீ போயிப் பேசு." ஜெனோவா வழக்கம்போலக் கட்டிலில் கிடத்தக் குனிந்தாள். "குடுளா இங்க," என்று மாமி கையை நீட்டினாள். கையிலிருந்து கைக்கு. நீட்டிய, சுருக்கம் விழுந்த கையில் பழைய மோதிரம், அந்த விரல்கள் பிள்ளைக்கு அடியில் நுழையும்போது ஜெனோவாவின் விரல்களைத் தொட்டன, தொட்டுவிட்டு உதறிக்கொள்ளவில்லை, ஒரு கணம் அப்படியே இருந்தன, சூடாக, வெற்றிலை வாசத்தோடு. பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு மனுஷக் கை அவளைத் தொட்டது இப்போதுதான். கண் நிறைந்துவிட்டது. சொல்லிவிட்டான், அவன் முன்னாலேயே மாமியிடம் பேசிவிட்டான், அதனால்தான் இந்தக் கை. "இப்பதான் குடிச்சான் மாமி, ஏப்பம் விடல," என்றாள். "நான் பிள்ள வளத்தவதான். போ, அவன் காத்துக் கெடப்பான்," என்றாள் மாமி. வாசல் கதவைத் தாண்டித் தெருப்படியில் இறங்கி நின்றாள். கடல்காற்றில் உப்பும் கருவாடும். போன் மூன்றாம் தடவை அதிர்ந்தது. "ஜெனோ," என்றான். அந்தப் பெயரை அவன் சொல்லி எத்தனை நாளாயிற்று. "சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். "ரிப்போர்ட் பாத்தேன். நல்லாப் பாத்தேன்." "மாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, பவுடர் டப்பா வாங்கி வச்சிருக்காவ." "சொல்லுதேன். அத விடு. அங்க மழையா? இங்க கடல் குளம் மாதிரி கெடக்கு. எங்க சமையக்காரன் ஒருத்தன் வந்திருக்கான் பாரு, கோவாக்காரன், நேத்து மீன் குழம்புல உப்புன்னு நெனச்சி சீனியப் போட்டுட்டான், கேப்டன் வாய்ல வச்சிட்டு, இது குழம்பா பாயசமான்னு கேக்கான், அவன் நாளைக்கு முந்திரி போடுதேன் சார்ங்கான்." அவள் சிரித்தாள். சிரிப்பு எங்கோ மற்றொருத்தியின் தொண்டையிலிருந்து வருவதுபோல வந்தது, தெருவில் போன நாய் திரும்பிப் பார்த்தது. இப்படியும் ஒரு வாழ்க்கை இருந்தது, இருக்கிறது, இன்னும் இருக்கும். "நீ ஏன் ஜெனோ போட்டுக்கிட்ட?" என்று கேட்டான், குரலில் சண்டை இல்லை. "யாராவது போணும்லா. நல்ல ஒடம்பா இருக்கவங்கதான் வேணும்னாங்க. நான் நல்லா இருந்தேன்." "ம்," என்றான். அந்த ம் நீளமாக இருந்தது, அதற்குள் அவன் நம்புகிறானா இல்லையா என்று தேடினாள். உள்ளே பிள்ளை அழுதது. ஏப்பம் விடாத அழுகை, பிறகு வேறு அழுகை, வாயில் பழக்கமில்லாத ஒன்றை வைத்தால் அழுகிற அழுகை. அழுகை கேட்டதுமே மார் இரண்டும் சுரந்து, சட்டை நனைந்து, வயிற்றில் சூடாக வழிந்தது. "பிள்ள அழுதான், வச்சிருதேன், பெறவு கூப்பிடுங்க." "இரு. வச்சிராத. இன்னும் கொஞ்சம் பேசு ஜெனோ, கொஞ்சம் நில்லு அங்கயே," என்றான், கெஞ்சுகிற மாதிரி, கல்யாணமான புதிதில் துறைமுக வாசலில் நின்று சொன்ன மாதிரி. அந்தக் கெஞ்சலுக்காக நின்றாள். தன்னை ஒருவன் போகவிடாமல் பிடித்துவைப்பது எவ்வளவு இதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் கதவு மூடியது. காற்றுதான், கடல்காற்று. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் காற்றுடையது இல்லை. "என்னங்க," என்றாள். படியில் திரும்பிக் கதவைப் பார்த்தாள். "என்னங்க." "நானும் இங்க டெஸ்ட் எடுத்தேன் ஜெனோ," என்றான் டெரன்ஸ், மெதுவாக, எழுதிவைத்ததை வாசிப்பதுபோல. "எனக்கு இல்ல." "எனக்கும் இல்லயே. ரிப்போர்ட்ல போட்டிருக்கே." "போட்டிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளைக்கு ஒண்ணரை வயசு ஆவட்டும், அதுவரைக்கும் உங்க அப்பா வீட்ல இரு. நான் மாமாட்ட பேசுதேன். பிள்ளையாவது தப்பிக்கட்டும்." எதிலிருந்து என்று கேட்க நினைத்தாள், கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவான். சீனி போட்ட குழம்பு, மழையா, சாப்பிட்டியா, நில்லு அங்கயே. எல்லாம் சேர்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ அவ்வளவு நேரம்தான் உள்ளே அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. தொட்ட கையும் அதற்குத்தான். படியேறிக் கதவில் உள்ளங்கைகளை வைத்தாள். தட்டவில்லை, தட்டினால் தெரு கூடும், தெருவுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். "மாமி," என்றாள் கதவின் இடுக்கில் வாயை வைத்து. "மாமி, பால் கட்டுது. பிள்ள பசியில அழுதான். கதவத் தொறங்க, நான் உள்ள வரல, படியில ஒக்காந்து குடுத்துட்டுப் போயிருதேன்." உள்ளே மாமி அழுதுகொண்டிருந்தாள், அது நன்றாகக் கேட்டது. "போயிருளா," என்றாள் அழுகைக்கு நடுவில், "ஒனக்குப் புண்ணியமாப் போவும், அவன விட்டுட்டுப் போயிரு." மேல் தாழ்ப்பாள் புயல் காலத்துக்கு மட்டும் போடுவது, துருவேறிக் கிடப்பது, லேசில் நகராது. மதினி அதைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. நகரவில்லை. ஒரு கணம் ஜெனோவாவுக்கு, அது நகராமலே போனால், அது மட்டும் நகராமல் போனால், என்று எதையோ நினைக்கத் தொடங்கிற்று மனசு, எதை என்று அவளுக்கே தெரியாது. கையால் குத்தினார்கள். ஏதோ கட்டையை எடுத்துவந்து அடித்தார்கள். பிள்ளையின் அழுகை சின்னதாகி, விட்டு விட்டு வந்து, நின்றது, வாயில் புட்டி நிலைத்துவிட்டது. சட்டையிலிருந்து சொட்டிய பால் வாசற்கல்லில் விழுந்தது. இன்னொரு அடி. தாழ்ப்பாள் கிரீச்சிட்டு, மெல்ல ஊர்ந்து, நிலைக்குள் கடைசி வரை போய் உட்கார்ந்தது.